மலை ஏரிகளைச் சுற்றி இலைகள் நிறம் மாறும் காலம்: இராமநாதபுரம் கரையோரத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான கரையோர ஊர்களிலிருந்து காஷ்மீருக்கோ ஜப்பானுக்கோ இலைநிறம் பார்க்கப் புறப்பட எண்ணுவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு விடுமுறை தேடுவதே பெரும்பாலானோரின் வழக்கம். கிடைக்கும் வாரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த வாரத்தில் எந்த உயரத்தில் இலை நிறம் மாறியிருக்கும் என்று பார்ப்பதே ஏமாற்றம் தராத முறை என்பது இப்பக்கத்தின் கருத்து.

நம் பக்கத்து மரங்கள் ஏன் ஒரே நேரத்தில் நிறம் மாறுவதில்லை?

மரம் காலத்தை அறிவது முதன்மையாகப் பகலின் நீளத்தைக் கொண்டுதான். இராமேசுவரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. ஸ்ரீநகரில் அது நான்கரை மணி நேரம். புரட்டாசி பிறந்ததும் அங்கே பகல் விரைந்து சுருங்குவதையும் இரவு குளிர்வதையும் உணரும் மரம், உறைபனி வருவதற்கு முன் இலையிலுள்ள சத்தைக் கிளைக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை அதன் மறைவில் இருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள், வள்ளத்தின் மேற்பூச்சு உரியும்போது அடிப்பூச்சு தெரிவதைப் போல வெளிப்படுகின்றன. சிவப்பு அவ்வாறன்று. அதற்குக் காரணமான ஆந்தோசயனின், இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து அந்தச் சில வாரங்களில் புதிதாக உருவாவது. ஆகவேதான் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவு குளிரும் அமைந்த ஆண்டுகளில் சிவப்பு ஆழமாகவும், மப்பும் மழையுமான ஆண்டுகளில் மங்கலாகவும் அமைகிறது.

நம் கரையில் மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் இரவின் குளிரைத் தணித்துவிடுவதால், மார்கழி, தை மாதங்களில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பனை, வேம்பு, புங்கை, பூவரசு என நம் மரங்களை ஒருசேர எச்சரிக்கும் நிகழ்வு எதுவும் இங்கே இல்லை.

ஆனால் வாதாம் மரத்தின் இலை சிவக்கிறதே?

சிவக்கிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் வீட்டு முற்றங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் நாட்டு வாதாம் மரம், உதிர்க்கப் போகும் இலைகளைச் செம்மஞ்சளாகவும் கருஞ்சிவப்பாகவும் மாற்றுகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை இலை மாற்றும் மரம் அது. சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் முதிர்ந்த இலையைச் சிவக்கச் செய்து உதிர்ப்பதுதான். இவை இரண்டுக்கும் குளிர் காரணமன்று. வறட்சியும் இலையின் முதுமையுமே காரணம். வெளிநாடு செல்ல இயலாதவர், வாதாம் மரமொன்றை அது இலை மாற்றும் வாரங்களில் நாள்தோறும் கவனித்தாலே இலை நரம்பு எவ்வாறு கடைசிவரை பச்சையாக நிற்கிறது, காம்பு எங்கே விடுபடுகிறது என்பவற்றைத் தெளிவாகக் காணலாம். ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே வாரத்தில் மாறும் காட்சியை மட்டும் அது தராது.

கொடைக்கானல் ஏரிக்குப் போனால் போதாதா?

இந்த நோக்கத்துக்குப் போதாது. 1863இல் லெவிஞ்ச் என்னும் ஆட்சியர் உருவாக்கிய அந்த ஏரி அழகானதே. ஆனால் அதைச் சுற்றியுள்ள பழனி மலைச் சோலைகள் என்றும் பசுமையானவை. மேலும் ஐப்பசி, கார்த்திகை என்பது அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். சோலைக்காடுகளில் சிவப்பும் செம்பழுப்பும் தென்படுவது இலை உதிரும்போதன்று, கொழுந்து விடும்போது. கோடை தொடங்கும் மாதங்களில் அதைப் பார்க்கலாம். இளங்கொழுந்தை வெயிலிலிருந்து காப்பதும் அதே ஆந்தோசயனின் குடும்பத்து நிறமிகளே.

மலைச்சரிவிலேயே பார்க்கலாமே, ஏரிக்கரை எதற்கு?

அசையாத நீர் காட்சியை இரட்டிப்பாக்குகிறது என்பது யாவரும் அறிந்த காரணம். அறிய வேண்டிய வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஏரியின் நடுவிலிருந்து பார்க்கும்போது நீர்மட்டம் முதல் முகடு வரை சரிவு முழுவதும் ஒரே பார்வையில் விழுவதால், உச்சியில் இலை உதிர்ந்து கிளை மட்டும் நிற்பதையும், நடுவில் நிறம் முற்றியிருப்பதையும், கரையோரம் இன்னும் பச்சையாக இருப்பதையும் பட்டை பட்டையாகக் காணலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைகிறது என்பதே இதன் அடிப்படை. பெரிய ஏரியானால், பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் மெல்ல விடுவதால் கரையோர மரங்களின் நிறமாற்றம் சில நாள் பிந்துகிறது. கடல் நமக்குச் செய்வதை ஏரி சிறிய அளவில் செய்கிறது. எனவே உச்சி நிறத்தைத் தவறவிட்டவருக்கும் நீரோரத்தில் இன்னொரு வாய்ப்பு எஞ்சியிருக்கும்.

எந்த மாதம் போவது நல்லது?

உங்களுக்கு எந்த வாரம் விடுமுறை என்பதை அறியாமல் இதற்கு விடை சொல்வது கடினம். எனவே விடுமுறைகளை வைத்தே பார்ப்போம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் இறுதியில் தொடங்குகிறது. அப்போது ஸ்ரீநகரில் சினார் என்னும் பெருமரம் பச்சையாகவே இருக்கும். லடாக்கின் சிற்றூர்களில் பாப்லரும் வில்லோவும் பொன்னிறமாகும் பருவமும், கனடாவின் ராக்கி மலைகளில் லார்ச் மரத்தின் ஊசியிலைகள் மஞ்சளாகும் பருவமும் அதுவே. லார்ச், ஊசியிலை மரமாக இருந்தும் இலை முழுவதையும் உதிர்ப்பது. மொரெய்ன் ஏரிக்கு மேலே உள்ள லார்ச் பள்ளத்தாக்கு இதற்குப் புகழ்பெற்றது. அந்த ஏரிக்குச் செல்லும் சாலையில் 2023 முதல் சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை. பேருந்தில் முன்பதிவு செய்துதான் செல்ல வேண்டும்.

தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் பிற்பகுதியிலோ நவம்பர் முற்பகுதியிலோ வருகிறது. வட அரைக்கோளத்தில் மலை ஏரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான விடுமுறை நமக்கு இல்லை. பண்டிகை அக்டோபர் நடுவில் வந்தால் ஜப்பானின் சூசென்ஜி ஏரி; அக்டோபர் கடைசியானால் சீனாவின் சிச்சுவான் மாநிலத்து ஜியுசைகௌ பள்ளத்தாக்கின் ஏரிகள்; நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்ரீநகரின் தால் ஏரி; அதற்கும் பிந்தினால் ஃபூஜி மலையடிவாரத்துக் கவாகுச்சி ஏரி என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். அரையாண்டு விடுமுறையில், அதாவது டிசம்பர் இறுதியில், இவற்றுள் எங்கும் பார்ப்பதற்கு இலை இருக்காது. பனியைப் பார்க்கத்தான் போகலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்போதுதான் ஓய்வு. அந்த நாட்களில் எதையாவது பார்க்க முடியுமா?

முடியும். மிகச் சிலரே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு இது. தென் அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழாக வருவதால், மார்ச் முதல் மே வரை அங்கே இலையுதிர்காலம். தடைக்காலத்தின் முதல் இரண்டு வாரங்கள் நியூசிலாந்தின் தென்தீவில் நிறம் முற்றியிருக்கும் வாரங்களோடு ஒத்துப்போகின்றன. ஆரோடவுன் என்ற சிற்றூரும், அதன் அருகேயுள்ள ஹேய்ஸ் ஏரியும், மலை தாண்டி அமைந்த வனாகா ஏரியும் இதற்கென்றே தேடிச் செல்லப்படுபவை. அங்கே நிறம் மாறுபவை பெரும்பாலும் குடியேறியவர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள். நியூசிலாந்தின் சொந்த மரங்களோ பெரும்பாலும் பசுமை மாறாதவை. வனாகா ஏரியில் தண்ணீருக்குள் தனித்து நிற்கும் வில்லோ மரத்தைப் படங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

செலவைப் பொருட்படுத்தாமல் இன்னும் அரிதான ஒன்றைப் பார்க்க விரும்புவோர் டாஸ்மேனியாவுக்குச் செல்லலாம். ஆஸ்திரேலியாவின் குளிர்ப்பகுதிச் சொந்த மரங்களுள் குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்க்கும் ஒரே மரமான ஃபேகஸ், ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் கிரேடில் மலையின் டவ் ஏரியை ஒட்டிய சரிவுகளில் பொன்னும் துருச்சிவப்புமாக மாறுகிறது. ஓங்கி வளராத குற்றுமரம் என்பதால் முதலில் காண்போருக்குச் சற்றுச் சப்பென்றிருக்கலாம். ஆனால் இலையின் மடிப்பும் நிறமும் அருகில் நின்று பார்க்கத் தக்கவை. அர்ஜென்டினாவின் நாவெல் வாப்பி ஏரியைச் சுற்றி லெங்கா மரங்கள் சிவப்பதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். தொலைவை எண்ணினால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மே நடுப்பகுதிக்குப் பிறகு தென் அரைக்கோளத்திலும் காலம் கடந்துவிடும் என்பதால், தடை தொடங்கியதும் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் வேலையைச் சில நாள் தள்ளிவைத்துவிட்டுப் புறப்படுவதே சரி.

தால் ஏரியில் எங்கே, எந்த நேரத்தில் நிற்க வேண்டும்?

தால் ஏரி ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே முதன்மையான மரம் சினார். மக்கள் 'ஹருத்' என்றழைக்கும் இந்தப் பருவத்தில், அக்டோபர் பிற்பகுதியில் மஞ்சளாகத் தொடங்கும் சினார் இலை, துருநிறமாகி, நவம்பர் முதல் இரண்டு வாரங்களில் கருஞ்சிவப்பை அடைகிறது. பாப்லரும் வில்லோவும் இதற்குச் சற்று முந்தியே பொன்னிறமாகிவிடுவதால், அக்டோபர் இறுதியில் செல்வோர் மானஸ்பல் ஏரிக்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஏரியின் கிழக்கே சபர்வான் மலைத்தொடர் எழுந்து நிற்பதால், அதன் அடிவாரத்திலுள்ள நிஷாத், ஷாலிமார் தோட்டங்களுக்குக் காலை வெயில் தாமதமாகவே வந்து சேரும். அதே காரணத்தால் பிற்பகல் வெயில் அவற்றின் மீது நேராக விழும். ஆகவே காலையில் மேற்குக் கரைக்குச் சென்று, காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அமைந்த நசீம் பாக்கின் சினார்த் தோப்பில் நடந்துவிட்டு, பிற்பகலில் 1619இல் ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமாருக்கும் 1633இல் ஆசஃப் கான் அமைத்த நிஷாத்துக்கும் வருவதே வசதி. பயண முகவர்கள் பெரும்பாலும் காலையிலேயே தோட்டங்களைக் காட்டி முடித்துவிடுவார்கள். வரிசையை மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நசீம் பாக்கை ஒட்டியே ஹஸ்ரத்பால் பள்ளிவாசல் இருப்பதால், கீழக்கரை, ஏர்வாடிப் பகுதிகளிலிருந்து செல்வோர் பலர் இரண்டையும் ஒரே காலையில் முடித்துக்கொள்கிறார்கள்.

சார் சினார் என்னும் சிறு தீவுக்கு ஷிகாரா படகில் போவதைத் தவறவிட வேண்டியதில்லை. ஆனால் அது நான்கு மரங்களுக்கான இடம். மரக்கூட்டத்தைப் பார்க்க நசீம் பாக்கே மேல். குங்குமப்பூ அறுவடையும் இதே வாரங்களில்தான் என்பதால் பாம்பூர் வயல்களுக்கு அரை நாள் ஒதுக்கலாம். குல்மார்க் இந்தப் பருவத்துக்கு வேண்டாம். அங்கே பெரும்பாலும் பசுமை மாறாத ஊசியிலைக் காடுதான்.

கங்காபல், பாங்கோங் போன்ற உயரமான ஏரிகள்?

மரம் வளரக்கூடிய உயர எல்லையான மர வரம்புக்கு மேலேயோ அதை ஒட்டியோ உள்ள ஏரிகளில் இலைநிறம் தேடுவது வீண். கங்காபல் மலையேற்றத்துக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையே ஏற்ற காலம். 4,225 மீட்டர் உயரத்திலுள்ள பாங்கோங் உப்புநீர் ஏரி. அதன் கரையில் வெறும் பாறையும் மணலுமே. நிறத்தை லடாக்கின் ஆற்றோர ஊர்களில்தான் காண வேண்டும். நைனிதாலைப் பற்றியும் கேட்கிறார்கள்: குமாவுன் மலைகளில் மிகுந்திருக்கும் கருவாலி மரவகை பசுமை மாறாதது என்பதால், அங்கே ஆங்காங்கே நிறம் தெரியுமே தவிரச் சரிவு முழுவதும் மாறாது.

ஜப்பானில் எந்த ஏரி?

முதல் முறை செல்வோருக்கு நிக்கோவின் சூசென்ஜி ஏரியைச் சொல்வேன். 2,486 மீட்டர் உயரமுள்ள நான்தாய் எரிமலையின் குழம்பு ஆற்றை மறித்ததால் உருவான அந்த ஏரி 1,269 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் நீர் வெளியேறுமிடத்தில் 97 மீட்டர் உயரக் கெகோன் அருவி வீழ்கிறது. அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து கடைசி வாரம் வரை ஏரிக்கரையிலும், நவம்பர் தொடக்கத்தில் கீழே நிக்கோவின் கோயில்களைச் சுற்றியும் நிறம் முற்றுகிறது. இந்த இரண்டு வார இடைவெளி பயணிக்குப் பெரும் பாதுகாப்பு: ஏரியில் இலை உதிர்ந்துவிட்டிருந்தால் கீழே இறங்கினால் போதும். ஏரிக்கு ஏறும் இரோஹாசாகா மலைப்பாதையிலும் இறங்கும் பாதையிலும் சேர்த்து 48 கொண்டையூசி வளைவுகள். இலைப்பருவத்து வார இறுதிகளில் அங்கே வாகனங்கள் மணிக்கணக்கில் தேங்குகின்றன. வார நாளில், விடிந்ததும் புறப்படும் பேருந்தில் செல்லுங்கள்.

வடக்கே ஆவோமோரியை ஒட்டியுள்ள தொவாதா ஏரி 327 மீட்டர் ஆழமுடையது. அதிலிருந்து புறப்படும் ஓயிராசே ஓடையை ஒட்டி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடைபாதை செல்கிறது. அங்கே பீச் மரங்களின் மஞ்சளே மிகுதி. நடக்க முடிந்தவருக்கு மூன்று ஏரிகளில் இதுவே சிறந்தது என்பது என் கணிப்பு. கவாகுச்சி ஏரி 830 மீட்டர் உயரமே ஆனதால் நவம்பரில்தான் சிவக்கிறது. வடகரையில் மேப்பிள் மரங்களை இரவில் விளக்கொளியில் காட்டுகிறார்கள். ஃபூஜி மலையும் மேப்பிளும் ஒரே படத்தில் வேண்டுவோருக்கு ஏற்றது, கூட்டமும் அதற்கேற்பவே.

ரயிலில் ஸ்ரீநகர் போக முடியுமா?

புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், இரண்டு மாதம் கழித்து 2025 ஜூன் 6 அன்று, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலமும் திறக்கப்பட்டது. அதனால் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் செல்லலாம். கட்ரா வரை கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் விரைவு ரயில் வாரம் ஒருமுறை ஓடுகிறது. வழியிலேயே மூன்று நாட்கள் கழிந்துவிடும் என்பதால், முதியோருடன் செல்பவர் மதுரையிலிருந்து விமானத்தில் சென்று, திரும்பும் வழியில் மட்டும் அந்த ரயில் பாதையைப் பார்ப்பது நல்லது.

குளிரையும் உயரத்தையும் நம்மால் தாங்க முடியுமா?

நவம்பர் தொடக்கத்தில் ஸ்ரீநகரின் பகல் இதமாகவே இருக்கும். இரவில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஒரே தடித்த கம்பளி ஆடையைவிட, உள்ளாடை, ஸ்வெட்டர், காற்றுப்புகா மேலாடை என மூன்று அடுக்குகள் அணிந்து, வெயில் ஏற ஏறக் கழற்றுவதே வசதி. தங்குமிடத்தில் தரப்படும் காங்கிரி என்ற தணல்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உயிரைப் பறிக்கக் கூடியது. அந்தத் தணலுக்கான கரியின் ஒரு பகுதி, உதிர்ந்த சினார் இலைகளைக் கூட்டி எரித்துச் செய்யப்படுவதே.

ஸ்ரீநகரின் உயரம் கொடைக்கானலைவிடக் குறைவு. மூச்சுத்திணறல் அச்சம் தேவையில்லை. 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே நகரம் அப்படியன்று. கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் பறந்து செல்வோர் முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். இதயநோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் லடாக்குக்குச் செல்ல வேண்டாம்.

கைப்பேசி, பாதுகாப்பு பற்றி?

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்வதில்லை. போஸ்ட்பெய்ட் வேலை செய்யும். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. செல்ல விரும்பும் தோட்டம் திறந்திருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீரில் நிழல் விழும் படம் எடுக்க எது ஏற்ற நேரம்?

விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலெழுந்து நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். பகலில் கடற்காற்று எழுவதைப் பார்த்துப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மப்பு மூடிய நாளில் சிவப்பு தெளிவாகப் பதியும் என்பதால் வெயில் இல்லையே என்று வருந்த வேண்டாம். போலரைசர் கண்ணாடி இலையின் பளபளப்பை நீக்கி நிறத்தைக் கூட்டும். அளவுக்கு மீறித் திருப்பினால் நீரிலுள்ள நிழலையும் அழித்துவிடும்.

இலைகளைக் கொண்டுவரலாமா? கருவாடு கொண்டுபோகலாமா?

காஷ்மீரில் தரையில் உதிர்ந்த சினார் இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவருவதில் தடையில்லை. கிளையை ஒடிக்கக் கூடாது. வெளிநாடுகளிலிருந்து தாவரப் பொருட்களைக் கொண்டுவருவது தாவரத் தொற்றுத்தடை விதிகளுக்கு உட்பட்டது என்பதால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவாடு, மாசி, ஊறுகாய் போன்றவற்றை நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ எடுத்துச் செல்வோர், விமானத்தில் தரப்படும் வருகைப் படிவத்திலோ இணையவழிப் படிவத்திலோ அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால், அனுமதிக்க முடியாத பொருளை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். காலணியில் ஒட்டிய மண்ணுக்கும் இதே கண்டிப்பு உண்டு. புறப்படும் முன் கழுவிவிடுங்கள்.